மூக்கு வைத்தியர்

ஊசியைச் சீமெண்ணெயில் அலசி எடுத்து, விரல் நுனியால் பிடித்து, நாசலின் வாய்க்குள் விடுகிறார் இக்னேஷியஸ். பிறகு நாசலைச் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். தள்ளக் கூடாது, தட்டக் கூடாது. ஊசி தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்க வேண்டும். "எறங்கு ராசா, எறங்கு" என்று அதனிடம் மெல்லச் சொல்கிறார். பாதியில் நின்றுவிட்டால், "இன்னிக்கு ஒனக்கு மனசு சரியில்ல" என்று சொல்லி மறுபடியும் அலசப் போடுவார். ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வருகிற பேச்சில் பாதிக்கு மேல் இப்படி இரும்போடு பேசுகிற பேச்சுதான்.

கிள்ளானில் ஒரு சீனக் கொல்லன் பட்டறையின் பின்புறம், தகரக் கூரை போட்ட சாய்ப்பு அவருடையது. பெட்ரோல் வண்டி பார்க்கத் தெருவுக்கு இரண்டு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். டீசல் லோரி வந்து சில வருஷங்களே ஆவதால் அதைத் தொடத் தெரிந்தவர்கள் குறைவு. அதன் நாசலைக் கழற்றி மறுபடியும் மாட்டத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான். நாசல் என்பது கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத எஃகுத் துண்டு. டீசலைப் பனிபோலச் சிதறடித்து எஞ்சினுக்குள் பீய்ச்சுவது அதன் வேலை. பழசாகிவிட்டால் பீய்ச்சுவதை விட்டுவிட்டு ஒழுகத் தொடங்கும். லோரி கறும்புகை கக்கும், ஏற்றத்தில் இழுக்காது, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். டிரைவர்கள் பதறிப்போய், எஞ்சினே போய்விட்டது என்று வந்து நிற்பார்கள். இக்னேஷியஸ் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொல்வார்: "எஞ்சினு நல்லாத்தான் இருக்காரு. மூக்குதான் ஒழுகுது." அதனால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கு வைத்தியர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் சிரித்ததுமில்லை, கோபித்ததுமில்லை.

புது நாசல் கப்பலில் வந்துசேர மூன்று மாதம் ஆகும். அதுவரை லோரியை நிறுத்திவைக்க யாராலும் முடியாது. அதனால் இவர் பழைய நாசலையே நுண்ணிய அரைப்பசை தடவி, ஊசியின் முனையும் அது உட்காரும் இடமும் பொருந்தும் வரை தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்கிறார். அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு நாசல்தான். ஒன்றைக் கழற்றி, தேய்த்து, கைப்பம்பில் வைத்து அடித்துப் பார்த்து, மூடிய பிறகே அடுத்ததைத் தொடுவார். ஒவ்வொரு ஊசியும் அதனதன் கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டது. ஒன்றின் ஊசி மற்றதற்குச் சேராது.

ஐம்பத்திரண்டு வயது. ரயில்வே நாளைய காக்கி அரைக்கால் சட்டை, கழுத்துவரை பித்தான் போட்ட மேல்சட்டை. பகல் சோற்றைப் பொட்டலத்தோடு வேலைப் பலகையின் மேல் பிரித்துவைத்து நின்றபடியே சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசல் கதவோரம் நிற்பார். பூசை முடிந்து சனங்கள் முற்றத்தில் கூடி நலம் விசாரிக்கத் தொடங்குவதற்குள் போய்விடுவார். தலைக்கனம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருக்காதவர் அப்படித்தான் ஓடுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி, "வீட்ல எப்ப வராங்க?" என்பது.

இக்னேஷியஸ் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். அப்பாவுக்குப் பிறகு அவரும் ரயில்வேப் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தார். 1931 பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தது. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, சனங்கள் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். இவர் மனைவி செசிலியாவையும் ஒன்பது வயது மகள் லூசியையும் திருச்சிராப்பள்ளியில் செசிலியாவின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். "ஆறே மாசம். வேலை கெடச்சதும் கூப்புடுறேன்." வேலை கிடைத்தது ஒரு ஈயச் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினோடு. அங்கேதான் இந்த வித்தை படிந்தது. ஆனால் அங்கே குடும்பம் வைக்க வீடு இல்லை. பிறகு கிள்ளானுக்கு வந்தார். இங்கே இருப்பது சாய்ப்பு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று எழுதினார். செசிலியா முதலில் "எப்போது?" என்று எழுதினாள். பிறகு "நீங்களாவது வரலாமே" என்று எழுதினாள். பிறகு மழையைப் பற்றியும் அண்ணன் உடம்பைப் பற்றியும் எழுதினாள். லூசிக்குப் பதினாறாம் வயதில் அங்கேயே கல்யாணம் ஆயிற்று. போன வருஷம் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. போகக் கூடாது என்று இல்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று முடிவு செய்வதற்குள் கப்பல் போய்விட்டது.

இதெல்லாம் தெரிந்தால்தான் சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது புரியும்.

சுங்கை வேயிலிருந்து தம்புசாமி என்பவர் லோரி கொண்டுவந்திருந்தார். தோட்டங்களிலிருந்து அன்னாசி ஏற்றிவந்து கிள்ளானில் இறக்குகிறவர். ஒரு சுரங்கத்தில் அடிபட்டுக் கிடந்த பழைய லோரியை வாங்கி ஓட்டுகிறார்; அவர் குடும்பத்துக்கு அதுதான் எல்லாம். நாலு நாசலில் இரண்டு ஒழுகின. இக்னேஷியஸ் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். லூசியின் கையெழுத்து.

கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானம் ஆகிவிட்டது. லூசியின் மாமனார் பெயரையே வைத்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை படிக்காமல் வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து, வேலையை முடித்து, லோரியை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை குழாயடியில் முகம் கழுவும்போதுதான் அது கண்முன் வந்தது. ஒரு கிண்ணத்தில் சீமெண்ணெய். அதற்குள் இரண்டு ஊசிகள். கடிதத்தின் நினைப்பில் கை தானாக இரண்டாவது நாசலையும் கழற்றிப் போட்டிருக்கிறது. மாட்டும்போது எது எதற்குப் போயிற்று? நினைத்து நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வந்ததெல்லாம் லூசியின் எழுத்துதான். கைப்பம்பில் அடித்தபோது இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் மாறிப்போன ஊசி குளிரில் காட்டிக்கொடுக்காது. எஞ்சின் சூடேறிய பிறகுதான் ஒழுகும். ஒழுகுகிற டீசல் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அப்படியே பாரம் ஏற்றி ஓட்டினால் ஒரு நாள் நடுரோட்டில் எஞ்சின் இறுகிவிடும். அதன் பிறகு அது பழைய இரும்புதான்.

ஸ்பேனர்களைச் சாக்குப்பையில் சுருட்டி, கொல்லனின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். சுங்கை வேக்குப் பதினாலு மைல். வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டுமுன்பே சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். எதிரே லோரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இறங்கி நின்று, அது தம்புசாமியின் லோரி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மறுபடியும் ஏறினார்.

தம்புசாமி அப்போதுதான் முதல் நடை முடித்து வீட்டுக்கு வந்திருந்தார். காலையிலிருந்து அதே கறும்புகை. பலசரக்குக் கடையிலும் பக்கத்து வீட்டிலும், "அந்தக் கெழவன் கையில குடுத்தேன் பாரு, என் புத்திய சொல்லணும்" என்று சொல்லி ஆற்றாமையைத் தீர்த்திருந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்ற ஆளைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

"லோரிய எடுக்காதீங்க தம்பி" என்றார் இக்னேஷியஸ்.

"ஏண்ணே?"

"ரெண்டு ஊசிய மாத்திப் போட்டிருப்பேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

"நிச்சயமா தெரியல. தொறந்தாத்தான் தெரியும். இருந்துச்சுன்னா தப்பு என்னுது. லோரி மேல ஒண்ணும் இல்ல."

"அதுக்கா கிள்ளான்லருந்து சைக்கிள்ல வந்தீங்க? பஸ்ஸு இருக்குல்ல லா?"

"பஸ்ஸு வர வரைக்கும் நிக்க முடியல."

தம்புசாமி காலையில் கடையில் சொன்னதை நினைத்தாரோ என்னவோ, உடனே போய் எஞ்சின் சுற்றும் கைப்பிடியை எடுத்துவந்தார்.

சூட்டோடு இரண்டு நாசலையும் வெளியே எடுத்து, குழாயோடு கோத்து, எதிரே ஒரு பழைய தாளைப் பிடித்தார் இக்னேஷியஸ். "சுத்துங்க." தம்புசாமி சுற்றினார். தாளில் டீசல் கோணல்மாணலாகத் தெறித்தது. பீய்ச்சி முடித்த பிறகும் இரண்டு நாசல்களின் நுனியிலும் ஒவ்வொரு சொட்டுத் திரண்டு, தொங்கி, விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் இக்னேஷியஸ். "மாத்தித்தான் போட்டிருக்கேன்."

அதைச் சொன்னபோது அவர் முகம், திட்டு வாங்கத் தயாராக நிற்கிறவர் முகமாக இருந்தது. தம்புசாமி திட்டவில்லை. "மனுசன் கைதானே, விடுங்கண்ணே" என்றார்.

ஊசிகளை அதனதன் கூட்டுக்கு மாற்றினார். எஞ்சின் எண்ணெயைக் கீழே வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வைத்தார். மறுபடியும் சுற்றச் சொன்னபோது தாளில் வட்டமாகப் பனி படர்ந்தது, நுனி காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் மாட்டி முடுக்கியபோது பழைய லோரி புகையில்லாமல் நிதானமாக உறுமியது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்று, "இனிமே ரெண்டு வருசம் தாங்கும்" என்றார்.

புறப்பட்டவரைத் தம்புசாமியின் மனைவி தனலெட்சுமி விடவில்லை. "கை கழுவிட்டு வாங்கண்ணே, எல போட்டாச்சு." அவர் ஏதோ முணுமுணுத்தார். அவள் அதைக் காதில் வாங்காமல் சவுக்காரத்தை எடுத்து நீட்டினாள். பாயில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் ஊற்றும்போது அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வீட்ல எல்லாம் எங்கண்ணே இருக்காங்க?"

"ஊர்ல."

"எப்ப வராங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தம்புசாமி பேச்சை மாற்ற வாயெடுத்தபோது இக்னேஷியஸ் தாமாகவே சொன்னார்: "பேரன் பொறந்திருக்கான். நேத்துத்தான் காயிதம் வந்துச்சு."

ஒரு நாள் முழுக்க அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை. கொல்லனுக்குத் தமிழ் தெரியாது.

"ஐயோ, இத இப்பவா சொல்றது!" என்று தனலெட்சுமி உள்ளே ஓடினாள். டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கரண்டி சீனியோடு வந்து, "அந்தக் கைய நீட்டுங்க" என்று அவருடைய இடது உள்ளங்கையில் கொட்டினாள். "யாரு சாடை? உங்க சாடையா?"

"தெரியல" என்றார். பிறகு, "இருக்கலாம்" என்றார். கழுவியும் போகாத கறுப்பு ரேகைகள் ஓடிய உள்ளங்கையில் வெள்ளையாகக் கிடந்தது சீனி. அவர் அதை ஒரேயடியாக வாயில் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநேரம் தின்றார்.

வெயில் தணிந்த பிறகு சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பத்து நாள் கழிச்சு ஒரு தடவ பாக்கணும் தம்பி."

"இனிமே ரெண்டு வருசம் தாங்கும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"தாங்கும். இருந்தாலும் பாக்கணும்."

"அப்ப நானே கொண்டாந்து நிறுத்துறேண்ணே. வாரத்துல மூணு நாளு கிள்ளானுக்குத்தானே வரேன்."

"வேணாம். நானே வரேன்."

தம்புசாமி விளங்காமல் மனைவியைப் பார்த்தார். தனலெட்சுமி, "ஞாயித்துக்கெழமையா பாத்து வாங்கண்ணே" என்றாள். "அன்னிக்குத்தான் லோரி வீட்ல நிக்கும்."

இக்னேஷியஸ் சைக்கிளிலிருந்து இறங்கி, முகம் தெரியாதபடி நன்றாகக் குனிந்து, காற்று நிறைந்து கல்லாக இருந்த பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு முன்சக்கரத்தையும் அழுத்திப் பார்த்தார்.