மைண்ட் என்று ஒரு வினைச்சொல்

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் நீளமான வார்த்தைகள் தொல்லை தருவதில்லை, சின்ன வார்த்தைகள்தான் உயிரை வாங்கும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். அறுபதுகளில் மாதுங்காவில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடத்தினேன். அங்கே என்னைப் படுத்தி எடுத்தது 'மைண்ட்'.

வாசல் பலகை

அறை வாசலில் உத்தரம் தாழ்வு. 'மைண்ட் யுவர் ஹெட்' என்று பலகை மாட்டியிருந்தேன். தாராவியில் மாமாவின் தோல் பட்டறையில் வேலை பார்த்த காதர் நல்ல உயரம். பலகையை உரக்கப் படித்துவிட்டு அதிலேயே இடித்துக்கொள்வார். படித்துமா இப்படி என்று கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மைண்டுன்னா மனசு, ஹெட்டுன்னா தலை. மனசு தலையில இருக்குன்னுதான போட்டிருக்கு டீச்சர், குனியச் சொல்லி எங்க போட்டிருக்கு?"

தூரத்துச் சொந்தம்

அன்றைக்கே தடித்த அகராதியைப் புரட்டினேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆதியில் அந்தச் சொல்லுக்கு 'நினைவில் வை' என்று பொருளாம். நினைவு கவனமாகி, கவனம் எச்சரிக்கையாகி, கடைசியில் 'ஆட்சேபி' என்பதுவரை வந்திருக்கிறது. அதைவிட, நம் வாயில் புழங்கும் மனசும் அதுவும் ஒரே பழைய வேரில் பிறந்தவை! வகுப்பில் சொன்னதும் காதர் எழுந்தே நின்றுவிட்டார்: "அப்ப வெள்ளக்காரனும் நமக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லுதியளா டீச்சர்?"

ஸ்டெல்லாவின் கவலை

ஸ்டெல்லா செம்பூரில் ஒரு பங்களாவில் ஆயா. 'நெவர் மைண்ட்' என்றால் கவலைப்படாதே என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் வீட்டுக்கார அம்மாள் 'மைண்ட் த பேபி' என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள் என்பதுதான் பொருள் என்று மறுநாள் வகுப்பில் நான் விளக்கியதும் ஸ்டெல்லா வாயில் கைவைத்தாள்: "கவலைப்படச் சொல்லுதாவன்னுல்லா நெனச்சேன். கவலைப்பட்டுக் கவலைப்பட்டு அந்தி வரைக்கும் பிள்ளைய இடுப்ப விட்டு எறக்கல. அம்மா குளுந்துபோயி ஒரு சேலை தந்தாவ."

நோ, நோ, நோ

பட்டறையில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் காதரின் கைகள் வெடித்துக் கிடந்தன. எப்படியாவது வேறு வேலைக்குப் போய்விடத் துடித்தார். ஒரு கம்பெனி இண்டர்வியூவில், "டூ யூ மைண்ட் நைட் ஷிஃப்ட்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் உண்டா என்ற கேள்விக்கு மனுஷர் ஆசையாக "எஸ் சார்" சொல்ல, மாட்டேன் என்கிறார் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து தேவ்நாரில் ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. 'டூ யூ மைண்ட்' என்றால் 'நோ சார்' என்று வகுப்பு மொத்தமும் அவருக்கு உருவேற்றினோம். இண்டர்வியூ அன்று எனக்குப் பாடமே ஓடவில்லை. மாலையில் மூச்சிரைக்க வந்து நின்றார் காதர்: "மொத நோ சரியா சொல்லிட்டேன் டீச்சர். 'திங்கக்கெழம வருவியா'ன்னாரு, வாய்ப்பழக்கத்துல அதுக்கும் நோ. சாப் சிரிச்சுக்கிட்டே, 'அப்ப வேற ஆளுக்குக் குடுத்துரட்டுமா'ன்னாரு. நோ சார்னு கத்திட்டேன். வேலை எனக்குத்தான்."

இத்தனை வருஷம் நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில் ஒரு மனிதருக்குச் சோறு போட்டது 'நோ' மட்டும்தான்.