முதல் புரோகிராம் ஓடிய ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே பனியன் வேஸ்ட் குடோன். பக்கத்து அறையில் ஒடிசாக்காரர் ஒருவர், டெய்லர். எதிரில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

ஆர்டர் இல்லையென்று, வேலை பார்த்த கம்பெனியில் என்னை நிறுத்தியிருந்தார்கள். ஸ்காலா தெரிந்தால் கோவையில் வேலை இருக்கிறது என்று தோழி சொன்னாள். ஃபங்ஷனல், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்று இரண்டு பாணியையும் சேர்த்துத் தைத்த கம்ப்யூட்டர் மொழி அது. கம்மலை விற்றுப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன்.

முதல் புரோகிராம் என்னவோ ஒரே வரிதான். திரையில் வணக்கம் என்று வர வேண்டும். ஆனால் அதற்கு முன் தனக்கு வேண்டியதையெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறக்கச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. எல்லாம் இறங்கியதும் தானே ஓடும்படி கட்டளை கொடுத்துவிட்டேன்; போன் ஹாட்ஸ்பாட்டில் காலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ பாடம் கேட்டேன். துணி கருகும் வாடை வந்தது. எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள், யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

கதவை உடைக்காத குறையாகத் தட்டியவர் அந்த டெய்லர்தான். குடோன் எரிந்துகொண்டிருந்தது. புகைக்குள் என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் நன்றிகூடச் சொல்லாமல், லேப்டாப் போச்சே என்று கதறினேன்.

"உசுரு இருக்குதுல்ல, போனாப் போவுது உடு கண்ணு" என்று வீட்டுக்கார அம்மா என்னை அணைத்துக்கொண்டார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் டெய்லர் மறுபடி மேலே போயிருந்தார்.

லேப்டாப்பை இடது கையில் அணைத்தபடி வந்தார். புகையில் கண் தெரியாமல், நெருப்பில் பழுத்துக் கிடந்த மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியை வலது கையால் பிடித்தே இறங்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் முதலில் கேட்டது, "அக்கா, கம்ப்யூட்டர் ஓடுதா?" என்றுதான். திறந்து காட்டினேன். நான் தெருவில் அழுதுகொண்டிருந்தபோது எல்லாம் இறங்கி முடிந்து புரோகிராமும் ஓடியிருக்கிறது. திரையில் அந்த ஒரு வார்த்தை இருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வணக்கம் என்றேன். பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தார். கட்டுப் போட்ட கை எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவருடைய விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. துணி பிடிக்க முடியாமல் ஊருக்கே போய்விட்டார். எனக்குக் கோவையில் அந்த வேலை கிடைத்தது. இன்றைக்கும் புது புரோகிராம் முதல்முறை ஓடக் காத்திருக்கும்போதெல்லாம், இந்தப் பிழைப்பு இன்னொருவர் கையைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தது என்ற நினைப்பு வருகிறது.