அடிமைப் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை

எழுபதுகளின் கடைசியில் டில்லி முனிர்காவில் அப்பாவோடு குடியிருந்தேன். பள்ளிப் படிப்போடு நிறுத்திய நான், பல்கலைக்கழக மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொடுப்பேன். அந்த வாரம் வந்தது, மூவாயிரம் வருஷத்துக்கும் முன்பு, இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் ராஜ்யத்தின் சட்டங்கள். பெண்களுக்குப் பெரிய நியாயம் எதுவும் அதில் இல்லை. ஆனால் ராணிக்குத் தனி முத்திரை இருந்தது, வழக்கும் தீர்த்திருக்கிறாள். சுதந்திரமான ஆணும் அடிமைப் பெண்ணும் குடும்பம் நடத்திப் பிரிந்தால் வீட்டைச் சமமாகப் பங்கிட வேண்டும். பிள்ளைகள் ஆணுக்கு, ஒரு பிள்ளை மட்டும் அவளுக்கு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா என்னை டைப் மெஷினோடு ஆர்.கே.புரத்துக்கு, அத்தானின் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போனார். அக்காவும் அத்தானும் பிரிவதென்று ஆகியிருந்தது. பேசித் தீர்க்க மூன்று சபை மூப்பர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அடுக்களையில் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். மூவரில் மூத்தவர் பிரிவு ஒப்பந்தத்தை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இரண்டு பிள்ளைகளும் தகப்பனுக்கு.

"நைட் டூட்டி பாக்குற நர்ஸு, பிள்ளைகள எப்பிடி வளப்பா?" என்றார் அவர்.

வீட்டுக்கு ஆள் வந்தாலே உள்ளறைக்குப் போய்விடுகிறவள் நான். அன்று எப்படியோ வாய் திறந்தது. "ஹிட்டைட் சட்டத்துல அடிமைக்கே ஒரு பிள்ளையக் குடுத்திருக்கு."

"யாரு, வேதத்துல வார ஏத்தியரா? சிலையக் கும்பிட்டவன் சட்டத்தையாட்டி எங்களுக்குப் படிச்சுச் சொல்லுதே?" என்றார் மூத்தவர்.

"ஜட்ஜம்மா தீர்ப்புச் சொல்லிட்டாங்க!" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அக்கா அடுக்களை வாசலுக்கு வந்தாள். "சின்னவளையாவது எங்கிட்ட விடுங்கய்யா."

"நீ உள்ள போம்மா. உனக்காக உங்கப்பா கையெழுத்துப் போடுவாரு." மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "ம், ஜல்தி. சாப்பாட்டுக்குப் போணும்."

அக்கா என்னையே பார்த்தாள். நான் மெஷினை மூடிக்கொண்டு எழுந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு மெஷினுக்கு எங்கே போவார்கள்? அன்றைக்காவது காரியம் நின்றிருக்கும். நான் தட்டினேன். கார்பன் வைத்து, மூன்று பிரதிகள். அப்பா கையெழுத்துப் போட்டார். மூத்தவர் ஜெபம் பண்ணினார். அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே பிள்ளைகளைத் திருநெல்வேலியில் தன் அம்மாவிடம் விட்டுவர அத்தான் ரயிலேறினார். சின்னவளுக்கு நாலு வயது. ரயில் போன பிறகு, பிளாட்பாரத்தில் அக்கா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஒரு எழுத்தக்கூடத் தப்பா அடிக்கலையேட்டி நீ?"