மதகுக்கு எழுதிய சட்டம்

பி.ஏ. பரீட்சையில் சரித்திரத் தாளில் கோட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த வருஷம், எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரியில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே பூந்தமல்லி வந்து, அங்கிருந்து திருமழிசை தாண்டி எங்கள் ஊர்வரை பெட்டியோடு நடந்தேன். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி: ஐரோப்பியத் தத்துவஞானிகளின் சிந்தனை அமெரிக்க அரசாங்கத்தை எப்படி உருவாக்கியது?

தோற்ற பிறகுதான் பாழாய்ப்போன பதில் மண்டையில் ஏறியது. ஏறியது இறங்கவே மாட்டேன் என்றது. மனிதன் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் சொத்துக்கும் உரிமையோடுதான் பிறக்கிறான், ஜனங்கள் சம்மதித்தால்தான் அரசாங்கம், வாக்குத் தவறினால் அதைத் தூக்கி எறியலாம் என்றார் ஓர் ஆங்கிலேயர். சட்டம் செய்கிறவன், நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் அது கொடுங்கோல் என்றார் ஒரு பிரெஞ்சுக்காரர். அமெரிக்கர்கள் இருவர் பேச்சையும் எடுத்துக்கொண்டு சட்டசபை, பிரசிடெண்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று எல்லை மீறினால் மற்றது சட்டையைப் பிடிக்கும். அடடா, இதுவல்லவோ ஏற்பாடு! அந்த ஜோரில் வீட்டுக்குள் நுழைந்தால், மூன்று பேரும் ஒரே வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார்கள். என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் ஊர் மணியக்காரர். ஏரித் தண்ணீர் யாருக்கு எந்த நாள் என்று அவரே சொல்வார், மீறினால் அவரே பிடிப்பார், அவரே விசாரிப்பார். அன்றைக்கு நீர்க்கட்டியை நிறுத்திவைத்துக் கத்திக்கொண்டிருந்தார். மதகைத் திறந்து மூடி, முறைப்படி வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு எங்கள் பக்கம் நீர்க்கட்டி என்று பெயர். அவனுக்கு என் வயதுதான். ஏரிக்கு அந்தப்பக்கம் சேரியில் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு இருந்தான். கூலிக்குப் பதில் அவன் பாட்டன் காலத்திலேயே ஊரார் வாய்வார்த்தையாகக் கொடுத்த துண்டு நிலம் ஒன்று கடைமடையில் கிடந்தது. அதில் விளைந்தால்தான் அவன் வீட்டில் உலை வைப்பார்கள்.

"இன்னாத்துக்குடா முறை மாறும்போது உன் பக்கம் மடைய வெட்ன? உன் அப்பன் ஊட்டு ஏரியா இது? நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்காத, போ!"

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் நாள் நைனாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். வருஷாவருஷம் இந்தக் கூத்துதான் என்று அம்மா சொன்னாள். எனக்கு அது காதில் விழவில்லை.

"புகார் சொன்னதும் நீங்க, தீர்ப்பு சொன்னதும் நீங்க. இது இன்னா நியாயம் நைனா?" என்று சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது. நைனா சிரித்தார்.

"பெயிலாயி வந்தவரு லா பாயிண்டு பேசறாரு. செரி, நீயே எழுது. நா கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். பத்து நாள் சோறு தண்ணீர் மறந்து எழுதினேன். தண்ணீர் விதி செய்ய நிலக்காரர்கள் சபை. அதை நடத்த நைனா. தீர்ப்புச் சொல்ல, படித்தவன் என்பதால், நான். முதல் வரியில் எல்லாரும் பிறப்பால் சமம் என்று போட்டேன். நைனாவின் பட்டாப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வயலுக்கும் நாளும் நேரமும் இறக்கினேன். முறை இல்லாமல் தண்ணீர் விட்டால் நீர்க்கட்டி வேலையும் நிலமும் போகும் என்று ஒரு விதி. அது வேண்டும் என்றவர் நைனாவின் தம்பி, என் சித்தப்பா; சபை ஒப்புக்கொண்டது. கோயில் மண்டபத்தில் உரக்கப் படித்தபோது எல்லாரும் கை தூக்கினார்கள். வாசலுக்கு வெளியே மண்வெட்டியோடு நின்றிருந்த நீர்க்கட்டியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். அவனுக்காகத்தான் இதெல்லாம் என்று சத்தியமாக நம்பினேன்.

ஆடியில் ஏரி முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு விடியற்காலை சித்தப்பா நீர்க்கட்டியைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தேன்.

"தண்ணி வுட்டியா?"

"வுட்டேன் சின்னவரே. முறை மாறும்போது கால்வாய்ல நிக்கற தண்ணி எப்பவுமே எங்க துண்டுக்குத்தான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்டித்தான். பெரியவருக்கும் தெரியும். கத்துவாரு, அப்பால கூப்டுக்குவாரு. நீங்க எழுதனீங்களே, அதுல எங்குளுக்கு எந்த நாளு கீது?"

புரட்டினேன். மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். எல்லார் வயலும் இருந்தது, அவனுடையது இல்லை. பட்டாப் புத்தகத்தில் இல்லாத நிலத்தை நான் பார்க்கவேயில்லை. கத்திக்கொண்டே நைனா விட்டுவைத்த தண்ணீரை, நான் அழகான கையெழுத்தில் திருட்டு ஆக்கியிருந்தேன்.

"இது என் தப்பு. ஒரு வரி சேத்துக்கலாம்" என்று சபையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆளுக்கொரு சட்டமா? எழுதனது எழுதனதுதான்" என்றார் சித்தப்பா. ஒரு கைகூட உயரவில்லை. நான் எழுந்து போயிருக்கலாம். நோட்டைக் கிழித்திருக்கலாம். பயந்தாங்கொள்ளி, விதியைப் படித்து, வேலையும் நிலமும் போயிற்று என்று தீர்ப்புச் சொன்னேன். சொன்ன கையோடு நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, ரெண்டு நாள் கழிச்சி நீங்களே கூப்டுங்க. எப்பவும் போல."

அவர் முகத்தில் கேலியே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நா எப்டிடா கூப்பிட முடியும்? தீர்ப்பு உன்னுது. நடத்தறது மட்டும்தான் என் வேல."

நீர்க்கட்டி மதகு திறக்கும் கம்பியை மண்டபத்துப் படியில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி தலையில் மூட்டையோடு, ஆவடிக்கு நடந்தார்கள். அங்கே பட்டாளத்துக் கிடங்கு கட்ட மண் சுமக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன்.

செப்டம்பரில் அதே கேள்வி வந்தது. அந்த ஆங்கிலேயர், அந்தப் பிரெஞ்சுக்காரர், மூன்று பிரிவு, எல்லாம் மளமளவென்று எழுதினேன். எல்லாரும் சமம் என்று அறிவித்தவர்கள், பிரதிநிதிகளைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக வைத்துக்கொண்டார்கள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் நோட்டில் நீர்க்கட்டிக்கு அந்த அரைகுறைக் கணக்குகூட இல்லையே. ஹாலை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. மணி அடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தேன்.

ஐப்பசியில் பாஸ் என்று தெரிந்தது. அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அந்த வாரம் சபை கூடி, கடைமடைத் துண்டுக்கு ஒரு நாளும் நேரமும் ஒதுக்கி ஒரு வரி சேர்த்தது. நிலம் இப்போது சித்தப்பா பெயரில். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம்தான் நீட்டினார்கள். எழுதிக் கொடுத்தேன்.