பினாங்கு பார்த்த பீவி

ஊர்களை எடை போடுவதில் ஜன்னத் பீவிக்கு ஈவு இரக்கமே கிடையாது. பிழைக்க வந்த நாகூரைப் பற்றிக் கேட்டால், "கந்தூரிக்குக் கந்தூரிதான் அது ஊரு. மத்த நாளெல்லாம் தூங்குமூஞ்சி" என்பாள். நாகப்பட்டினம் அவளுக்கு ரயில் வந்து நிற்கிற இடம், அவ்வளவுதான். மெட்ராஸ் பெரிசுதான், ஆனால் புழுக்கம் தாங்காது. அவளுடைய தராசில் ஊர் என்று நின்றது ஒன்றே ஒன்று. அது பினாங்கு.

அதில் தப்பு சொல்வதற்கில்லை. அவள் பிறந்தது அங்கே, சூலியா தெருவில். வாப்பா அங்கே மசாலாச் சாமான் கடை வைத்திருந்தார். கம்பியில் ஓடுகிற பஸ்ஸும், மலைமேல் ஏறுகிற ரயிலும், விடிய விடிய எரிகிற விளக்குகளும் பார்த்து வளர்ந்த கண் அவளுடையது. பிறகு யுத்தம் வந்தது, குண்டு விழுந்தது. வாப்பா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குடும்பத்தோடு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு ஓடினார். எல்லாம் அடங்கிய பிறகு கடையை விற்றுவிட்டுக் கப்பலேறி நாகூர் வந்து, கொஞ்ச நாளில் மவுத்தாகிவிட்டார். மகளுக்கு மிச்சமானது அந்த ஊரைப் பற்றிய பேச்சு மட்டுமே. அதை அவள் கஞ்சத்தனம் இல்லாமல் செலவு செய்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை அப்துல் குத்தூஸ். கல்யாணமான மறுவருஷமே அந்தமானுக்குப் போய், போர்ட்பிளேரில் அபர்தீன் பஜாரில் சின்னதாக ஒரு சாமான் கடை போட்டான். குடை, அரிக்கேன் கண்ணாடி, கயிறு, பிஸ்கட், எல்லாம் விற்றான். வியாபாரம் பரவாயில்லை. ஆனால் நாகூர் வரும்போதெல்லாம் அவன் பேசியது வியாபாரத்தைப் பற்றி அல்ல. சாமான் சுற்றும் தாளை விரித்துப் படம் போடுவான்.

"இங்க பாரு புள்ளே. இந்தப் பக்கம் ரங்கூன். அந்தப் பக்கம் உன் பினாங்கு. மேல கல்கத்தா. இப்படி வந்தா மெட்ராஸ். நடுவுல யாரு? நம்ம போர்ட்பிளேர். எத்தனை பெரிய கப்பலும் வந்து நிக்கலாம், அவ்வளவு ஆழம். இருபது வருஷத்துல பாரு, உலகமே திரும்பிப் பாக்குற ஊராயிடும்."

"நடுவுல இருந்தாப் போதுமா மச்சான்? தொப்புளும் நடுவுலதான் இருக்கு. அதால என்ன வேலை ஆவுது?"

குத்தூஸ் அசரவில்லை. பதில் தெரியாத இடத்தில் சிரித்துவிட்டு அடுத்த படம் போடுகிற ஆள் அவன். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற புருஷனோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள் அவள் முடிவாகச் சொன்னாள். "நான் வந்து பாக்குறேன். ஊரா இருந்தா அங்கேயே இருப்பேன். ஊரா இல்லைன்னா நீங்க கடையைக் காலி பண்ணிட்டு நாகூர் வந்துடணும். சம்மதமா?"

குத்தூஸ் சம்மதித்தான். பாவம், அவனுக்கு அந்த ஊர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மெட்ராஸ் கப்பல் சாத்தம் துறையில் வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. துறை கொள்ளாமல் ஜனம். யாரோ பெரிய மனிதர் கப்பலில் வருகிறார் போல என்று நினைத்தாள். அப்படி யாரும் இல்லை. கப்பல் வந்தால் ஊரே வந்துவிடும் என்றான் குத்தூஸ், பெருமையாக. வேலையற்ற ஊர் என்று அவள் முதல் மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

மறுநாளிலிருந்து அவன் ஊர் சுற்றிக் காட்டினான். மர அறுவை மில்லைக் காட்டினான். பஜாரின் மணிக்கூண்டைக் காட்டினான். தகரக்கூரை வீடுகள் சரிவில் ஏறிப் போகிற டெலானிபூரைக் காட்டி, "இங்கெல்லாம் நாளைக்கு மாடி மாடியா வரும்" என்றான். தெருவில் விளக்குக் கம்பம் இருந்தது. அதில் ஏறத்தான் விளக்குக்கு மனசு வரவில்லை. கடைசியில், ஊரிலேயே பெரிய கட்டடம் என்று மூச்சு வாங்க மேட்டில் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டினானே, அங்கேதான் எல்லாம் கெட்டது.

"இது என்ன மச்சான்?"

"ஜெயிலு. வெள்ளைக்காரன் கட்டினது."

ஜன்னத் பீவி இடுப்பில் கை வைத்து நின்று அந்தச் செங்கல் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்டாட்டிக்கு ஊரைக் காட்டுறேன்னு கூட்டியாந்து ஜெயிலைக் காட்டுற மனுஷன் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான். இது ஊரே இல்ல. நான் இதே கப்பல்ல திரும்பிப் போறேன்."

குத்தூஸ் வாக்கு தவறுகிறவன் இல்லை. "சரி, நீ முன்னால போ. நான் சரக்கையெல்லாம் தள்ளிவிட்டு அடுத்த கப்பலுக்கு வந்துடறேன்" என்றான். வழக்கமான சிரிப்பு வரவில்லை. அது அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான்.

தோற்ற கதையைப் பஜாரில் சொல்ல எந்த ஆணுக்கு மனசு வரும்? யாராவது கேட்டால், "வீட்டுல மெயின்லேண்ட் போறாங்க" என்று மட்டும் சொன்னான். அது போதாதா? அந்த ஊரில் ஒருவர் கப்பலேறுகிறார் என்றால் அவர் ஊருக்கே பொதுச்சொத்து. முன்பின் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சாயங்காலத்துக்குள் வாசலில் ஆள் வர ஆரம்பித்தது.

முதலில் வந்தவள் கிரேசி. மீன்பிடிக்கிற கஸ்பாரின் மனைவி, தூத்துக்குடிக்காரி. கைக்குட்டையைப் பிரித்துக் கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளிப் படகை எடுத்துக் காட்டினாள். "வண்டூர்ப் பக்கம் தொழிலுக்குப் போன எம் மாப்பிள்ளை காத்துல மாட்டிக்கிட்டாரு யக்கா. செத்துட்டாருன்னு எல்லாரும் அழுதாச்சு. அப்புறம்தான் வந்து சேந்தாரு. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். உங்க ஊருக்குப் பக்கந்தானே? காணிக்கையாப் போட்டுட்டு, கொஞ்சம் எண்ணெய் வாங்கியாந்துருங்க."

"நான் துலுக்கச்சி. மாதா கோயிலுக்கு நான் போறதா?"

"அதுக்கென்ன? மாதா உங்கள யாருன்னா கேக்கப்போறா?"

அடுத்து பக்கத்து வீட்டு வங்காளத்துப் பெண். தீதி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மாமனாரின் மூக்குக்கண்ணாடியை நூல் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கச் சில்லு உடைந்திருந்தது. "மெட்ராஸ் ஸே பன்வாகே லே ஆனா" என்றாள். ஜன்னத் பீவிக்கு இந்தி தெரியாது. ஆனால் உடைந்த கண்ணாடியைச் சரிசெய்து கொண்டுவா என்பதற்கு எந்த பாஷை வேண்டும்? பிறகு, கடைக்குப் பக்கத்துக் கடைத் தெலுங்கு டைலர் அப்பாராவ், தையல் மெஷின் ஊசி வேண்டும் என்று பழைய ஊசி ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். அவரோடு வந்த பழனிசாமி ரோடு போடுகிற வேலையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர். குலசாமிக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கையை இரண்டு கையாலும் நீட்டினார். "நாகப்பட்டணம் டேசன்ல எம்பட மச்சான் இருக்கானுங்க அம்மணி. அவன்கிட்டக் குடுத்தாப் போதுமுங்க. வரும்போது துண்ணூறு குடுத்துடுவான்."

ஜன்னத் பீவிக்குத் தலை சுற்றியது. எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள். "நல்லாக் கேட்டுக்குங்க. நான் திரும்பி வரப்போறதில்ல. வேற யார்கிட்டயாவது குடுங்க."

கிரேசி அதைத் தீதிக்கு இந்தியில் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எல்லாரும் மொதத் தடவ போகும்போது அப்படித்தான் சொல்லுவாங்க யக்கா. நானுஞ் சொன்னேன்" என்றாள் கிரேசி. வெள்ளிப் படகை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டுப் போயே போய்விட்டாள்.

திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? அமானிதம் என்று கைக்கு வந்துவிட்டால் அதைச் சேர்க்காமல் செத்தால்கூடக் கணக்கு முடியாது என்று ஓதி வளர்ந்தவள் அவள். வாய்க்குள் முனகிக்கொண்டே ஒவ்வொன்றையும் புடவைக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

நாகூரில் அக்கா ரஹ்மத்துன்னிசா தங்கச்சியின் பெட்டியைத் திறந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தாள். "யாரு எவருன்னே தெரியாதவங்களுக்கு நீ ஏண்டி அலையணும்? எல்லாத்தையும் அவங்கவங்களுக்குத் தபால்ல அனுப்பிட்டு வேலையப் பாரு."

"என்னை நம்பிக் குடுத்ததைத் தபால்காரன் தலையில கட்டுறதா லாத்தா?"

அலைந்தாள். வேளாங்கண்ணியில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே போய் வெள்ளிப் படகைப் போட்டாள். கிரேசி சொன்னதுபோல யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் பழனிசாமியின் மச்சானைத் தேடிப் பிடித்தாள். அவன் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க அக்கா புருஷன் உங்களுக்கு ரொம்ப வேண்டியவருங்களா?" என்று கேட்டான்.

"ஒருதடவ பாத்திருக்கேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது விசித்திரமாகப் பட்டது.

வீட்டுக்கு நடந்து வருகையில் வாப்பாவின் நினைப்பு வந்தது. பினாங்கு என்றால் விளக்கு, கம்பி பஸ், மலை ரயில் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. குண்டு விழுந்த அன்று வாப்பா கடைச் சாவியைப் பக்கத்துக் கடைச் சீனர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார். சண்டை முடிந்து திரும்பிப் போனபோது பாதித் தெரு சூறையாடப்பட்டுக் கிடந்தது. சீனர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். கடையில் ஒரு ஏலக்காய்கூடக் குறைந்திருக்கவில்லை. அந்தத் தெருவிலேயே நின்று வாப்பா அழுதார். அவர் அழுது அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பினாங்கைப் பினாங்கு ஆக்கியது எது? இந்த அக்காவும் நல்லவள்தான். ஆனால் எதிர்வீட்டுக்காரி சாவி கொடுத்தால் வாங்குவாளா? "எதுக்கும்மா வம்பு" என்பாள்.

ஜன்னத் பீவிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பத்தாதென்று புருஷன்மேலும் வந்தது. தாளில் கண்ட படமெல்லாம் போட்ட மனுஷன் இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

நாகப்பட்டினம் ஸ்டேஷனில் பழனிசாமியின் மச்சானிடம் திருநீறு வாங்கிக்கொண்டு ரயிலேறி, மெட்ராஸில் கண்ணாடிக்குச் சில்லு போட்டாள். ஊசி வாங்கினாள். தந்தி அடிக்கவில்லை. வருகிறேன் என்று தந்தி கொடுத்தால் மனுஷன் பஜாரில் தலைகால் தெரியாமல் ஆடுவானே. ஆனால் கப்பல் ஏறிய பிறகு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அடுத்த கப்பலுக்கு வந்துவிடுகிறேன் என்றவன் இதற்குள் கடையை விற்றிருந்தால்? அங்கே யார் வீட்டில் போய் நிற்பது? வழி நெடுக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

சாத்தம் துறையில் அன்றைக்கும் ஊரே வந்திருந்தது. ஒரு ஓரத்தில், கட்டிய மூட்டைகளுக்கு நடுவே டிரங்குப் பெட்டிமேல் குத்தூஸ் உட்கார்ந்திருந்தான். கப்பலைப் பார்க்கக்கூட இல்லை. பெட்டி படுக்கையை முன்கூட்டியே கொண்டுவந்து போட்டால் ஏற்ற வசதி என்று வந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கிரேசியும் தீதியும் பழனிசாமியும் நின்றார்கள். அங்கே நடந்ததைக் கிரேசி பிற்பாடு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

"நீங்கல்லாம் எதுக்கு வந்தீங்க?" என்று குத்தூஸ் கேட்டானாம்.

"யக்கா வருதுல்ல."

"வராது. நான்தான் போறேன்."

"நீங்க சும்மா இருங்க பாய். எங்க சாமானெல்லாம் அதுகிட்ட இருக்கு" என்றாளாம் கிரேசி.

ஜன்னத் பீவி படி இறங்கினாள். ஒரு கையில் மாதா கோயில் எண்ணெய், இன்னொரு கையில் திருநீற்றுப் பொட்டலம், கக்கத்தில் நாகூர்ச் சந்தனம். குத்தூஸ் பெட்டிமேலிருந்து எழுந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் முதலில் அமானிதங்களை ஒப்படைத்தாள். தீதி அங்கேயே கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டிப் பார்த்து, தடுமாறி, சிரித்தாள். அதற்குப் பிறகுதான் ஜன்னத் பீவி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கடை?"

"பூட்டியாச்சு புள்ளே. பாதிச் சரக்கு உள்ளேதான் கெடக்கு."

"சாவி எங்க?"

"அப்பாராவ்கிட்ட. இருக்கிற சரக்கை வித்து அனுப்புறேன்னாரு."

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்போடு டைலர் அப்பாராவே வந்துவிட்டார். ஊசிக்காகத்தான் வந்திருந்தார். ஆனால் அவளைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே, மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

ஜன்னத் பீவி அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். கண் நிறைந்து வழிந்தது. குத்தூஸ் பயந்துபோய், "என்ன புள்ளே, என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல மச்சான்" என்று துப்பட்டியால் முகத்தைத் துடைத்தாள். "ஊருதான் இது. பெட்டியத் தூக்குங்க."

அபர்தீன் மேட்டில் ஏறும்போது குத்தூஸுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. ரங்கூன் இந்தப் பக்கம், பினாங்கு அந்தப் பக்கம் என்று ஆரம்பித்தான். அந்தக் கம்பத்தில் முதலில் ஒரு விளக்கைப் போடச் சொல்லுங்கள் என்றாள் அவள்.