வெள்ளை நாடா

மகளின் சுளுக்கிய கணுக்காலில் சுற்றுவதற்காக இன்று வெள்ளை நாடாவைச் சர்ரென்று இழுத்தபோது எழுந்த பசை வாடையில், மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இருந்த தேவாலயமும், அதன் கீழ்த்தளத்துக் கூடைப்பந்துக் கூடமும், அம்மா தரை துடைக்கும் தண்ணீரின் எலுமிச்சை மணமும் திரும்பி வந்தன. அம்மா வேலை முடிக்கும்வரை சிறுவயதில் நான் காத்திருக்கும் வாங்குப் பலகையின் மறுமுனையில் ஒரு நெட்டைச் செர்பியர் இருப்பார். பெல்கிரேட்டிலும் ஏதென்ஸிலும் பெரிய அணிகளுக்கு விளையாடி, முழங்கால் பழுதாகி, மொன்றியலில் கடைசியாகச் சேர்ந்த சின்ன அணியும் கலைந்துபோன பிறகும், ஒவ்வொரு பின்னேரமும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆட்டத்துக்குப் போகிறவர்போல இரண்டு கணுக்கால்களிலும் நாடா சுற்றி, ஆளில்லாத கூடத்தில் தனியே பந்து எறிவார்.

"அம்மா, அவர் ஆரோடை விளையாடப் போறார்?"

"ஒருத்தரோடையும் இல்லை. ஏஜெண்ட் போனிலை கூப்பிடுவான், புது அணி கிடைக்கும் எண்டு நம்பிறார். பாவம், நீ ஒண்டும் கேளாதை."

கடைசியாகப் பார்த்த நாளிலும் அப்படித்தான், ஒரு சுருக்கம் விழாமல், நிதானமாகச் சுற்றினார். பிறகு அதன்மேல், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள் போடும் இரும்பு முனைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பந்தைத் தொடவேயில்லை.