குதிகால் வலியும் என் வெறுங்கால் நேர்ச்சையும்

காலையில் கண் விழித்ததும் எல்லாரும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். நான் சிலுவை போட்டுவிட்டு அப்படியே படுத்துக் கிடப்பேன். காலைக் கீழே வைக்கப் பயம். வலது குதிகால் தரையில் படுகிற அந்த முதல் அடி இருக்கிறதே, ஆணி வைத்து அடித்த மாதிரி இருக்கும். "இயேசுவே!" என்று கத்திவிடுவேன். அது செபமா அலறலா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

என் பெயர் செலின். ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டில் இருக்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் கோணலா, நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஷிஃப்ட் முழுக்க சிமெண்டுத் தரையில் நின்றபடியேதான். என் கணவர் சேவியர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பேர் சம்பாதித்தால்தான் எங்கள் வீடு ஓடும். நிற்க முடியாத செக்கருக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வலி ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில். கோவிலில் சிலுவைப்பாதை நடக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் முட்டி போட்டு எழ வேண்டும். பாதியிலேயே என்னால் எழ முடியவில்லை. சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அது சரியாகவில்லை. எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியத்தில் இருக்கிற பெண்கள் வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னார்கள். சொல்லி முடித்த கையோடு ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள். செங்கல்லைச் சுட வைத்து, அதன் மேல் எருக்கிலை போட்டு மிதித்தேன். தைலம் தடவினேன். வெந்நீரில் காலை ஊறவைத்தேன். கால் மணந்தது, வலி மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். ஆகஸ்ட் கடைசியில் கடற்கரை மாதா கோவிலுக்குக் கொடியேற்றத்துக்காக ஊர் ஊராகக் காவி கட்டிக்கொண்டு நடந்து போவார்கள் இல்லையா? எங்கள் பங்குக் கோவிலிலிருந்தும் வருடா வருடம் போகிறார்கள். நான் மாதா படத்தின் முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன்: "தாயே, என் குதிகாலைச் சரியாக்கு. மூன்று வருடம் தொடர்ந்து வெறுங்காலோடு உன்னிடம் நடந்து வருகிறேன்."

சேவியர் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாமே, காலு நோவுதுன்னு வேண்டிக்கினு, அந்தக் காலாலயே அம்மாந்தூரம் நடக்குறேன்றியே, இது இன்னா கணக்கு?"

"விசுவாசம் இல்லாதவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

நடந்தேன். ஆவடியிலிருந்து கடற்கரை வரைக்கும், வெறுங்காலோடு, கொதிக்கிற தார் ரோட்டில். கடைசிக் கொஞ்ச தூரம் இரண்டு பெண்கள் தோள் கொடுத்து என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். கொடி ஏறுகிறபோது எல்லாரும் மேலே பார்த்து "மரியே வாழ்க" என்று கத்த, நான் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சேவியர் ஆட்டோவில் வந்து கூட்டிப்போனார். வழி முழுக்க ஒரு வார்த்தைகூட என்னைக் கேலி செய்யவில்லை. அதிலிருந்தே என் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வலி காலையில் மட்டும் என்றில்லை, நாள் முழுக்க வர ஆரம்பித்தது. எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார், மாத்திரை கொடுத்தார், குதிகாலிலேயே ஊசி போட்டார். சில வாரம் சுகமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வலி வட்டியோடு திரும்பி வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று சட்டை பார்த்தேன். கண் சட்டையில் இருக்கும், மனசு காலில் இருக்கும். ஒருநாள் காலர் கோணலாகத் தைத்த சட்டைகளை நல்லது என்று அனுப்பிவிட்டேன்.

சூப்பர்வைசர் ராணி நல்ல பெண்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஈஸ்டர் வரைக்கும் நான் எப்படியாவது சமாளிக்கிறேன். அதுக்கு மேல முடியலைன்னா மேல சொல்லித்தான் ஆகணும். உட்கார்ந்து பாக்குறதுக்கு இங்க இடமே இல்ல."

கம்பெனிக் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த நாட்களில் என் செபக்கூடம் அதுதான். "ஆண்டவரே, நான் பங்களா கேட்கவில்லை. நகை கேட்கவில்லை. நிற்க ஒரு கால் கேட்கிறேன். அதுகூட உமக்கு அதிகமா?" என்று சண்டை போட்டேன். பதிலே இல்லை. வெளியே யாரோ கதவைத் தட்டி, "எவ்ளோ நேரம்க்கா?" என்றார்கள். அவ்வளவுதான் கிடைத்த பதில்.

அடுத்த வாரம் டாக்டர், "ஷாக்வேவ் தெரபி எடுத்துப் பாருங்கம்மா. நாள்பட்ட வலிக்கு பிசியோதெரபியில கொடுக்கிறாங்க" என்றார். எனக்கு 'ஷாக்' என்ற வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது. கரண்ட் வைத்துவிடுவார்கள் என்று நினைத்து, போவதற்கு முன்னால், சாகப்போகிறவள் மாதிரி பாவங்களை எல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

அம்பத்தூரில் ஒரு சின்ன கிளினிக். பிசியோதெரபிஸ்ட் பெயர் ஹேமா. மாங்காட்டுப் பெண். நெற்றியில் குங்குமம், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"கரண்ட்லாம் இல்லக்கா. இது அலை. சத்தம் மாதிரி, தட்டுற மாதிரி. உங்க குதிகால் நாள்கணக்கா ஆறாமலே கிடக்குது. உங்க உடம்புக்கே அது பழகிப்போச்சு, கண்டுக்காம விட்டுடுச்சு. இந்த அலை போய்த் தட்டுறப்ப, அடடா இங்க வேலை பாக்கி இருக்கேன்னு உடம்பு மறுபடி அங்க வரும். நான் தட்டத்தான் முடியும். ஆத்தறது உங்க உடம்புதான்."

அவள் சொன்னது எனக்குக் கோவிலில் மறையுரை கேட்ட மாதிரி இருந்தது.

கட்டைவிரலால் குதிகாலை அழுத்திக்கொண்டே வந்து, நான் துள்ளிய இடத்தில் நிறுத்தினாள். அங்கே ஜெல்லி தடவி, துப்பாக்கி மாதிரி இருந்த ஒன்றை வைத்து அழுத்தினாள். டக்டக்டக்டக் என்று பக்கத்து வீட்டில் சுவரை இடிக்கிற மாதிரி சத்தம். நான் மங்கள வார்த்தை செபத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"வலி பத்துக்கு எவ்ளோக்கா?"

"பதினஞ்சு!"

"சரி, குறைச்சு வைக்கிறேன். நீங்க உங்க மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, நான் மெஷினைப் பாத்துக்கிறேன்."

முடிகிறபோது அந்த இடம் மரத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. வாரம் ஒரு தடவை வரச் சொன்னாள். கூடவே கட்டளைகளும் வந்தன. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும். வலி மாத்திரை கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. அது தெரியாமல் சேவியர் பாசத்தோடு மீன்கடையிலிருந்து ஒரு பை ஐஸ் வாங்கி வந்து நின்றார். வீடே வஞ்சிர நாற்றம். அதை அப்படியே வாசலில் கொட்டினோம். தெருப் பூனைகள் எல்லாம் வந்து நக்கிவிட்டுப் போயின.

கடைசிக் கட்டளைதான் என்னைக் கலக்கியது. "வெறுங்காலோட நடக்கவே கூடாது. ஊட்டுக்குள்ளயும் மெத்துன்னு செருப்பு போட்டுத்தான் நடக்கணும்."

என் நேர்ச்சையைச் சொன்னேன். இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறதே! ஹேமா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க ஊரு அம்மன் நெருப்புக்கு நடுவுல ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ணவங்க. அவங்க அம்மன். நீங்க செலின் அக்கா. செருப்பு போடுங்க."

போடாமலும் இருக்க முடியாது, நேர்ச்சையை மீறவும் முடியாது. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறினால் வந்துகொண்டிருக்கிற கொஞ்ச சுகமும் போய்விடுமோ என்று பயம். அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத் தந்தையிடம் போய் நின்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கேட்ட கேள்வியை மறக்கவே மாட்டேன்.

"செலின், உனக்கொரு மகள் இருந்து, அவளுக்குக் கால் வலின்னா, வெறுங்காலோட நடந்து வந்து என்னைப் பாருன்னு நீ சொல்வியா?"

"சொல்ல மாட்டேன் ஃபாதர்."

"மாதா மட்டும் சொல்வாங்களா?"

நேர்ச்சையை வேறொரு நற்செயலாக மாற்றிக் கொடுக்கலாம் என்றார். பூந்தமல்லி ரோட்டில் நடைப்பயணிகளுக்காக நம் பங்கு ஒரு பந்தல் போடுகிறது. மோர், தண்ணீர் கொடுத்து, கொப்புளம் போட்ட கால்களைக் கழுவி மருந்து போடுகிற இடம். "இந்த இரண்டு வருடமும் நீ அங்கே நில். உன் நேர்ச்சை அதுதான்" என்று சொல்லி, தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறையை உருட்டித் தள்ளிய மாதிரி இருந்தது.

ஷாக்வேவ் முடிந்தது. வலி முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் சோர்ந்துபோனேன், உண்மையைச் சொல்கிறேன். நான் கேட்டது பைபிளில் வருகிற மாதிரி ஒரே நொடியில் எழுந்து நடக்கிற சுகம். ஹேமாவோ, "இப்பதான்க்கா உள்ள வேலை நடக்குது, அவசரப்படாதீங்க" என்றாள். ராணியிடம் கெஞ்சி இன்னும் சில வாரம் வாங்கினேன். மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு மேசையில் நின்றேன். துண்டை மாட்டி இழுத்தேன். செபித்தேன். வேறென்ன செய்ய?

ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறிய ஒரு காலை. நான் நல்ல தூக்கத்தில் இருக்கிறபோது சிலிண்டர்காரர் கேட்டில் நின்று கத்துகிறார். விட்டால் போய்விடுவாரே! எழுந்து ஓடிப் போய்க் கதவைத் திறந்து, சிலிண்டரை வாங்கி, காலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சமையல்கட்டில் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். சேவியர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா?" என்றேன்.

"இல்ல... இன்னிக்கி இயேசுவேன்ற சத்தத்தையே காணோமே."

குனிந்து காலைப் பார்த்தேன். செருப்புகூட இல்லை. துண்டை மாட்டி இழுக்கவும் இல்லை. கட்டிலிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து அடுப்புக்கு, அத்தனை தூரம் நடந்திருக்கிறேன். வலிக்கவே இல்லை! வலிக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஆண்டவர் எப்போது சுகம் கொடுத்தார், எந்தப் பக்கமாக வந்தார், ஒன்றும் தெரியாது. பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதோம். பிறகு சேவியர்தான் ஓடிப் போய் அடுப்பை அணைத்தார்.

ராணிக்கு மேலிடத்தில் எதுவும் சொல்ல வேண்டி வரவில்லை. என் மேசை என்னிடமே இருக்கிறது. காலர் கோணலாக இருந்தால் இப்போது நான் விடுவதில்லை, தைக்கிற பெண்களைக் கேளுங்கள்.

ஆகஸ்ட் வந்தது. பூந்தமல்லி ரோட்டுப் பந்தலில் விடிந்ததிலிருந்து நின்றேன். காவிக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வெறுங்காலோடு வருகிறாராம். கழுவலாம் என்று குதிகாலைத் தொட்டேன். துள்ளிவிட்டார். நான் எந்த இடத்தில் துள்ளுவேனோ, அதே இடம்.

"காலையில முதல் அடி வைக்கிறப்ப உயிர் போகுதா?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "உனக்கு எப்படிம்மா தெரியும்? இது சரியாகணும்னுதாம்மா நடக்குறேன்."

என் கதையை எல்லாம் சொன்னேன். சிரித்தார், அழுதார். மீதித் தூரத்தை எங்கள் கோவில் வேனில் போக ஒத்துக்கொண்டார். என் காலில் இருந்த மெத்துச் செருப்பைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். அளவு எடுத்த மாதிரி இருந்தது. வேன் போகிறவரைக்கும் ரோட்டோரத்தில் நின்று கையாட்டினேன். பிறகுதான், பந்தலுக்கு ஆட்டோவில் தண்ணீர் கொண்டுவந்த சேவியரின் குரல் கேட்டது.

"ஏய் செலினு! வெறுங்கால்ல நிக்கிறியே, ஹேமா மேடத்துக்கு யாரு பதில் சொல்றது?"

தார் ரோடு. வெயில். என் வெறுங்கால். சூடு மட்டும்தான் சுட்டது. வேறு ஒன்றும் வலிக்கவில்லை. சேவியர் தன்னுடைய பெரிய ரப்பர் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினார். சாயங்காலம் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்து மோர் ஊற்றினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. சேவியர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது ஆறாத வலி இருக்கலாம். எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை கேட்கும் என்று ஹேமாவே சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டவர் கேட்பார், அதை நான் சொல்வேன். அவரோடு சண்டை போடுங்கள், அழுங்கள், கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து டாக்டரிடமும் போங்கள். குங்குமம் வைத்த ஒரு மாங்காட்டுப் பெண்ணின் கையில் அவர் உங்கள் பதிலைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இந்த ஆகஸ்ட்டிலும் பூந்தமல்லி ரோட்டுப் பந்தலில் இருப்பேன். வாருங்கள், மோர் தருகிறேன், காலைக் கழுவிவிடுகிறேன். யாரும் பாவம் பார்த்து எனக்கு நாற்காலி மட்டும் கொண்டுவந்து போடாதீர்கள். கேட்டு வாங்கின கால் இது. நான் நின்றுகொண்டேதான் இருப்பேன்.